நடுரோட்டில் ஆரத்தி

4-12-88
விடிகாலையில் தையல்நாயகி என் இட்லிக் கடையைத் தாண்டி ஓடினாள். அண்ணன் மகள், கேலி செய்ய எனக்கு உரிமை இல்லையா? "இன்னாடி, பல்லாவரம் பஸ்ஸ வுட்டுட்டியா?" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.
"பஸ்ஸு பின்னால வருது அத்தே!"
வாய் அப்படியே என்னுது.

1-1-89
அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் பந்தயம். மேடவாக்கம், நம் கீழ்க்கட்டளை, பல்லாவரம் என்று சுற்றித் திரும்ப வேண்டும். முதலில் வரும் பெண்ணுக்கு ஒரு கம்பெனி வேலை தருகிறதாம். "இல்லன்னா கல்யாணந்தான், ஓட்டம் கீட்டம் கெடயாது" என்றுவிட்டார் அண்ணன். நம் தெரு வழியாக வருகிறவளைச் சும்மாவா அனுப்புவது?

8-1-89
எப்படி எழுதுவேன்.
தையல்தான் முதலில் வந்தாள். பின்னால் ஒருத்தியையும் காணோம். ஆரத்தித் தட்டோடு நான் நடுரோட்டில். பக்கத்தில், என் கடையில் மாவாட்டும் தனக்கோடி, மாலையோடு.
"அத்தே, வழி வுடு!"
"ஊரு கண்ணே உன்மேலதான், ஒரு நிமிசம் இருடி."
தோளைப் பிடித்து நிறுத்தினேன். மூன்று சுற்று. பொட்டு. மாலை. தட்டைத் தள்ளிவிட்டு ஓட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குள் நீலப் பனியன்காரி ஒருத்தி ஓரமாகப் புகுந்து போய்விட்டாள்.
தையல் மாலையைக் கழற்றினாள். எறியவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.
இரண்டாவது.
ஜெயிச்சிட்டு வந்தப்புறந்தானே ஆரத்தி? இதுகூடவா தெரியாது எனக்கு?

9-1-89
கடை திறக்கவில்லை.

14-1-89
பொங்கல். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது?

2-2-89
மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன். "இன்னும் ஒரு வருசம் குடு அண்ணா. தப்பு என்னுது."
"ஊரே சிரிக்குது" என்றார்.
"என்னப் பாத்துதானே சிரிக்குது? சிரிக்கட்டும்."
கடைசியில் சரி என்றார். தையல் இப்போது ஏரிக்கரை வழியாக ஓடுகிறாள், என் கடைப் பக்கமே வருவதில்லை. கடையில் நானும் யாரையும் கேலி செய்வதில்லை.

7-1-90
தாம்பரத்தில், முடிவுக் கோட்டுக்கும் அப்பால், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். தட்டு முந்தானைக்குள்.
தையல்தான் முதல்! இந்த வருஷம் வேலை கிடையாது, கோப்பை மட்டும். அந்த வேலை என்னால் போனது போனதுதான். ஆனால் கூட்டத்தில் அண்ணன் சந்தோஷத்தில் போட்ட சத்தத்தைக் கேட்டால் இனிக் கல்யாணப் பேச்சை அவர் எடுக்க மாட்டார்.
தட்டை மறைத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றாள்.
"இன்னா அத்தே, பஸ்ஸ வுட்டுட்டியா?"
முந்தானையை அவளே விலக்கினாள்.
"மெதுவா சுத்து. நான் எங்கியும் ஓடல."