மேகத்தோணிக்காரி வீடு போய்ச் சேருவாளா?

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

நம் பேத்தி வரைந்த படக்கதைப் புத்தகம் நான் சமைக்கும் இந்தப் பெண்கள் விடுதிக்கும் வந்துவிட்டது! அவள் முதலில் வரைந்த பெரிய கதையில் ஓரமாக வந்த மேகத்தோணிக்காரியைத் தனிக்கதையாக வரைந்தாளே, அதுதான். முடிவு சரியில்லை என்று வாசகர்கள் எழுதியதைப் படித்து, இனி வரையவே மாட்டேன் என்று அழுகிறாள் என்றீர்களே, இங்கேயும் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான்.

“பெரிய கதையில வந்த இளவரசன் இதுல வரவே இல்லை, என்னடி கதை?” என்றாள் ஒருத்தி.

“அவன் கெடக்கிறான். எல்லாரையும் வீட்ல கொண்டு விட்டவளை நடு வானத்துல நிறுத்திட்டாளே, பாவி!” என்றாள் அடுத்தவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பாவி இல்லம்மா, அவ என் பேத்தி” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கூத்தில் குழம்பு தீய்ந்து, விரலில் லேசாகச் சுட்டுக்கொண்டேன். பயப்படாதீர்கள்.

“தோணிக்காரி வீட்டுக்குப் போவாளா பாட்டி?” என்று கேட்டாள், பாவி என்று திட்டியவள். ஊரை விட்டு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாத பெண்.

“போவாம்மா” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து பாத்திரம் கழுவும் நுரையெல்லாம் எனக்கு மேகமாகத் தெரிகிறது. அதில் ஒரு தோணி மெல்ல நகர்கிறது. துடுப்புச் சத்தம்கூடக் கேட்கிறது.

உங்கள் பழைய துண்டு ஒன்றை அனுப்புங்கள், தலையணைமேல் போட்டுக்கொள்ள.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். பேத்தியை வரையச் சொல்லுங்கள். தோணிக்காரியின் வீட்டு வாசலில் நீங்கள் நிற்கிற மாதிரி வரையட்டும்.

உங்கள் வீட்டுக்காரி