ஜன்னல் வெட்டிய அட்டை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, அக்கா, அவள் பெண் வாலு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை வாலுவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன், நீ அவளுக்குத்தானே கடிதம் போடுகிறாய், இந்த மாதம் மட்டும் மூன்று. எனக்கு நீ எழுதிப் பதினோரு வருஷம் ஆகிறது. போனில் சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். எட்டு வயசுப் பெண்மேல் தாத்தாவுக்குப் பொறாமையா என்று அக்கா சிரிக்கிறாள். ஆமாம், பொறாமைதான். தபால்காரர் வாசலில் அவள் பெயரைக் கூப்பிட்டால் எனக்கு வயிறு எரிகிறது. நாற்பது மாடிக் கட்டடத்து லிஃப்டை உன்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்களாம், அதைக்கூட அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள்.

வாலுவுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் என்று பள்ளியில் சொன்னதிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு டீச்சர் வருவது உனக்குத் தெரியும். உன் வயசுகூட இருக்காது. தட்டில் மாவைப் பரப்பி விரலால் எழுதவைக்கிறாள், எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லவைக்கிறாள், அடுத்த எழுத்துக்குப் போக அவசரமே படுவதில்லை. முப்பத்து நான்கு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் பக்கத்து அறையில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் பொறுக்காமல் உள்ளே போய், ஆமை வேகத்தில் போனால் எப்போது உருப்படுவது என்று கேட்டேன். அவ வேகத்துல போகட்டும் சார், நீங்க பக்கத்துல நின்னா அவளுக்கு வாயே திறக்க மாட்டேங்குது என்றாள். மூக்குடைந்து வெளியே வந்தேன். அதைவிடக் கொடுமை, அவள் சொன்னபடியே வாலு இப்போது படிக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் வெட்டிய அட்டை. பக்கத்தின்மேல் வைத்தால் மற்ற வரியெல்லாம் மறைந்துவிடும். வாலு அதை நகர்த்தி நகர்த்திப் படித்துவிட்டு, இப்ப எழுத்து ஓடல தாத்தா என்று கத்தினாள். நான் எழுந்துபோய் என் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். அதே அட்டை, மை படிந்து ஓரம் நைந்து அங்கே கிடக்கிறது. கண் வரி தாண்டாமல் இருக்க நானே வெட்டியது, அதை வைத்துத்தான் ஊரார் தப்பையெல்லாம் பிடித்தேன். நீ பள்ளியில் படித்த நாளில், சாயங்காலம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, வரி விட்டுப் படிக்கிறாய் என்று உன் முதுகில் அடி வைத்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன்கூடத் தன் காலைத்தான் நோகடித்துக்கொண்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாலு பள்ளிக்குப் போனபிறகு அவள் தலையணைக்கு அடியிலிருந்த உன் கடிதத்தைத் திருடிப் படித்தேன். பழக்கதோஷம், சிவப்புப் பேனா தானாகக் கைக்கு வந்துவிட்டது, முதல் பக்கத்திலேயே ஒன்பது தப்பு எண்ணினேன். அடுத்த பக்கத்தில், தப்பு வந்தா வரட்டும், நிறுத்தாமப் படி, உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க என்று எழுதியிருந்தாய். அதற்குமேல் எண்ணவில்லை. வேலைக்குப் போன புதிதில் நீ எனக்கு எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன் அல்லவா, நாலாவதோடு நின்றுபோயிற்று. பையனுக்குச் சோம்பேறித்தனம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள், இப்போதுதான் ஏனென்று புரிகிறது.

இதுவரை எழுதியதை வாலுவிடம்தான் படிக்கக் கொடுத்தேன். என் அட்டையை வைத்து இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தாள். திருட்டு விஷயம் வந்த இடத்தில் என்னை ஒரு முறை முறைத்தாள். முடித்துவிட்டு, ஒண்ணு விட்டுப்போச்சு தாத்தா, மாமாகிட்ட நீங்க சாரியே சொல்லலியே என்றாள். முப்பத்து நான்கு வருஷத்தில் என் புரூஃபில் இன்னொருவர் தப்புப் பிடித்தது இதுதான் முதல் தடவை. மன்னித்துவிடப்பா.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், உனக்கு வெட்டியிருக்க வேண்டியது. நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். லிஃப்டுக்கு மேலே ஏறும்போது இடுப்பில் பெல்ட் மாட்ட மறக்காதே. சிவப்புப் பேனாவை வாலுவிடம் கொடுத்துவிட்டேன், பூனைக்கு மீசை வரைகிறாள். எத்தனை தப்பு இருந்தாலும் சரி, ஒரு கடிதம் போடு, உறைமேல் என் பெயரை எழுதி.

உன் வரவுக்கும் வரிக்கும் காத்திருக்கும்
அப்பா