இரண்டு வீட்டுச் செடிகள்

என் செல்லப் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் பதினேழு தொட்டிகளும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலம்தானே? தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சில விஷயங்கள் போனில் தொண்டையோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான்.

போன வருஷம் நீ விமானம் ஏறின மறுநாள் வீடு வெறிச்சென்று கிடந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய செடிக்கடையில், ஆரஞ்சு நிறச் செம்பருத்தி ஒன்று தட்டு அகலத்துக்குப் பூத்திருந்தது. வாங்கிவிட்டேன். ஒரே வாரத்தில் அத்தனை மொட்டும் உதிர்ந்துவிட்டது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை பிடித்தேன். மனுஷர் கோபப்படவில்லை. "புது வீட்டுக்குப் போனா நமக்கே ரெண்டு நாள் தூக்கம் வராது. அதுக்கும் அப்படித்தாங்க. வெயில்ல வச்சிட்டுப் பேசாம இருங்க" என்றார். பேசாமல் இருப்பது எனக்கு வருமா? எப்படியோ இருந்தேன். மூன்றாம் வாரம் பூத்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஒன்றைப் பத்தாக்கும் ஆசை வந்துவிட்டது. பென்சில் பருமனில் பதினொரு குச்சி வெட்டி, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, மணலில் நட்டு, தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்தேன். காலை, மாலை, படுக்கும் முன் என்று தண்ணீர். ஏழு குச்சி அழுகிப்போனது. "என்னங்க இது, மாத்திரை மாதிரி மூணு வேளையும் கொடுத்திருக்கீங்க" என்று செடிக்கடைக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சம் நாலும் துளிர்த்தன. அவற்றைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அடுத்த ஞாயிறு நம் மாடிக் காகிதப்பூவில் பதியன் போட வந்தார். கிளையில் விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்து, ஈரத் தேங்காய் நாரை வைத்து, பிளாஸ்டிக் தாளால் கட்டுகிற வேலை. நான் பிடிக்க, அவர் கட்டினார். பிறகு வேர் வந்துவிட்டதா என்று பார்க்க வாராவாரம் வந்தார். பக்கத்து வீட்டு டீச்சர் மாடிச் சுவருக்கு மேலாக எட்டி, "ஒரு கிளைக்கு இவ்வளவு கவனிப்பா?" என்றாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவருக்கு மனைவி தவறி எட்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை. அதில் கட்டிலைவிடச் செடிகளுக்குத்தான் இடம் அதிகம்.

போன மாதம் பதியனில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. கிளையை வெட்டித் தொட்டியில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டே, "ரெண்டு வீட்டுச் செடியும் ஒரே மாடியில இருந்தா தண்ணி ஊத்தச் சௌகரியமா இருக்கும்" என்றார். "இந்த மாடி அவ்வளவு பாரம் தாங்காதுங்க" என்றேன் நான். அவர் கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான், அவர் கேட்டது செடிகளைப் பற்றியே இல்லை என்று எனக்கு உறைத்தது. தனியாகச் சிரித்தேன். வந்தவர் பாட்டிலை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே செடிக்கடைக்குப் போனேன். மாடியைக் கொத்தனாரிடம் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் என் மகளைக் கேட்க வேண்டும் என்றேன். "நிதானமா கேளுங்க. அவங்களுக்கு இஷ்டமில்லைன்னா, நான் ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போறேன்" என்றார். அந்தப் பதில்தான் பாப்பா, என்னை இப்படி உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது.

உன் அப்பா படத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படம் இருக்கிற இடத்தைவிட்டு நகராது. நான் சொல்வதற்கு முன்பே செடிக்கடைக்காரரே அதைச் சொல்லிவிட்டார். கொத்தனார்தான், நான் உன்னைக் கேட்பதற்குள் முந்திக்கொண்டு நேற்றே வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டார். தாராளமாகத் தாங்குமாம்.

உடனே பதில் எழுத வேண்டாம். கோபம் வந்தால் இரண்டு நாள் கோபமாகவே இரு, அப்புறம் எழுது. வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் சிரிக்க வைத்துக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும். விடுமுறைக்கு வரும்போது எங்களோடு ஒரு வாரமாவது தங்கு. 'என்னோடு' என்றுதான் எழுத வந்தேன், பேனா இப்படி எழுதிவிட்டது. அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

எப்போதும் உன்னுடைய,
அம்மா