ஏழாவது கையெழுத்து

மந்தைவெளி,
17-11-1973, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, தங்கை ரத்னா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாக்பூர் குளிருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே மழை விட்டபாடில்லை. துணியெல்லாம் வீட்டுக்குள்ளேதான் காய்கிறது. குனிந்து குனிந்து நடக்கிறோம்.

நான் எழுதுவது உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாது. நீங்கள் மனஸ்தாபப்பட்டு மாற்றல் வாங்கிப் போனதிலிருந்து அவர் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் குடும்ப ஜெபத்தில் உங்கள் பெயரை ஒரு நாளும் விட்டதில்லை. ஆண்டவரிடம் சொல்லுவார், தபால்காரரிடம் கொடுக்க மாட்டார். அவர் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

நம்முடைய அம்மாசி ஐயா காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே போனார், கஷ்டப்படவில்லை. அடக்கத்துக்குக் கோட்டூர்புரமே திரண்டு வந்தது. அவரிடம் பால் வாங்கியவர்கள் எல்லாம் அழுதார்கள். அழுது முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஜெபக்கூடம் இருக்கிற இடம் அவர் பெயரில் அல்லவா இருக்கிறது?

சபை எந்தப் பதிவிலும் இல்லை, பத்திரத்தில் யார் பெயரைப் போடுவது என்று அன்றைக்கு விழித்தோமே, நினைவிருக்கிறதா? அம்மாசி ஐயாவைப்போல ஆசையில்லாத மனிதர் கிடையாது, அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று எல்லோரும் சந்தோஷமாக ஆமென் சொன்னோம். ஆசையில்லாதவருக்கும் சாவு வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது. சங்கமாகப் பதிவு செய்துவிடலாம் என்று நீங்கள் சொன்னதற்குத்தானே அத்தனை சண்டையும்.

இப்போது சட்டப்படி அந்த இடம் அவருடைய ஒரே மகன் தங்கவேலுக்குப் போகிறது. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குப் பிடிக்கிற வேலை. கோயிலுக்கும் போவதில்லை, நம்மிடமும் வருவதில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை அண்ணா. வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "எங்க நைனா அது உங்க எடம்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. எழுதிக் குடுக்க நான் ரெடி. யாரு பேர்ல எழுதறது, அத்த சொல்லுங்க" என்று கேட்டான். தன் பெயரில் வாங்கிக்கொள்ள உங்கள் மாப்பிள்ளைக்கு மனம் ஒப்பாது. இன்னொருவர் பெயரில் வைத்தால் மறுபடியும் இதே கதைதான். தங்கவேல் பெண்டாட்டியும் தனி ஆள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கிடங்கு கட்ட அந்த இடத்தைக் கேட்கிறார். தங்கவேலுக்கு மகள் கல்யாணம் வேறு இருக்கிறது. கடைக்காரர் முன்பணத்தோடு திங்கட்கிழமை வருகிறாராம். அதற்குள் சங்கமாகப் பதிவு செய்ய மனுக் கொடுத்து, அந்தச் சீட்டைக் கொண்டு வந்து காட்டினால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகத் தங்கவேல் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அவனும்தான் என்ன செய்வான்?

உங்கள் மாப்பிள்ளையும் சகோதரர்களும் மயிலாப்பூரில் வக்கீல் பஞ்சாட்சரத்திடம் போனார்கள். இடம் சபையின் காணிக்கையில் வாங்கியது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அத்தாட்சிக்கு எங்கே போவது? கொடுக்கிறவர் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது என்று பெட்டியில் மூடிய கையால் போடுகிறவர்கள் நாம். ரசீது எழுதுவதையே பாவமாக நினைத்தோம். "உங்க பக்தி ரொம்ப பெரிசு சார். ஆனா சட்டத்தோட கண்ணுல அப்படி ஒரு சபையே இல்லையே" என்றாராம். சபையே இல்லை என்ற சொல்லைக் கேட்டு வந்த நாளிலிருந்து உங்கள் மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். சின்ன வயதில் ஊரில் ஒரே ஆலயத்துக்கு இரண்டு கட்சி வழக்காடி, கோர்ட்டுப் பூட்டுத் தொங்க, கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தெருவில் நின்று பாடியவர் அவர். அதை விட்டு ஓடி வந்துதான் நம்மோடு சேர்ந்தார். பதிவு என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேண்டும். "சபைக்குத் தலைவர் கிறிஸ்து. அந்த இடத்தில் இன்னொரு பெயரை எந்தக் கையால் எழுதுவேன்? அரசாங்கம் இன்று பதிவு செய்யும், நாளைக்கு ரத்து செய்யும். அப்போது சபை இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவோமா?" என்று கேட்கிறார். கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. மழைக்கு ஆற்றங்கரைக் குடிசையில் தண்ணீர் ஏறி, நம் சபைச் செண்பகம் பிள்ளைகளோடு ஜெபக்கூடத்தில் படுத்திருப்பதைப் பார்த்தால் அந்த நியாயம் எங்கோ போய்விடுகிறது.

போன ஞாயிறு ஆராதனையில் அப்பம் பிட்டபின் சகோதரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். மனுவுக்கு ஏழு கையெழுத்து வேண்டும். ஆறு பேர் சரி என்றார்கள். ஏழாவது ஆள் அவர்தான். வேறு ஆண்பிள்ளை நம் சபையில் ஏது? நாங்கள் சகோதரிகள் முக்காடு போட்டுக்கொண்டு இடது பக்கப் பாயில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். நம் கூட்டத்தில் பாம்பு வந்தாலும் நாங்கள் பேசக் கூடாது, பாட்டாகத்தான் பாட வேண்டும். அன்றைக்கு எனக்குப் பாட்டுக்கூட வரவில்லை.

இதற்கு மேல்தான் அண்ணா என் கஷ்டம். பஸ் கண்டக்டர் வேலு தம்பி நேற்று அவர் இல்லாத நேரத்தில் மனுவோடு வந்தது. ஏழு பேரும் ஆண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லையாம். "அக்கா, நீங்க போட்டா ஏழு ஆய்டும். இன்னிக்கே கூட குடுத்துடலாம்" என்று சொல்லி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனது. ஜெபக்கூடத்தில் ஒரு பாட்டு நம்பர் சொல்ல உரிமையில்லாதவளை அரசாங்கம் ஆளாக எண்ணுகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வந்து அதைப் படித்தார். கோபப்படுவார், கிழித்துப் போடுவார் என்று பயந்து நின்றேன். கிழித்திருந்தால் எனக்கு விடுதலை. காற்றில் பறக்காதபடி தண்ணீர்ச் செம்பை எடுத்து அதன்மேல் வைத்தார். "உன் இஷ்டம் ரத்னா. ஆனால் தலைவர் பெயர் எழுதிய கூடத்துக்குள் என்னால் வர முடியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எதையும் என் இஷ்டத்துக்கு விடாதவர், இதைப்போய் விட்டார்.

நான் போட்டால் கூடம் இருக்கும், அதில் அவர் இருக்க மாட்டார். போடாவிட்டால் அவர் இருப்பார். செண்பகம் எங்கே போவாள்? இன்று காலை முக்காடு போட்டுக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அவர் மறுத்த காகிதத்தில் அவர் பெயரை நான் என் கையால் எழுத வேண்டும். பேனாவை மூடிவிட்டேன். செம்பு இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது. குடிக்கக்கூட நாங்கள் இருவரும் அதை எடுக்கவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும். ஆகையால் என்ன செய்யட்டும் என்று உங்களைக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எது நடந்திருந்தாலும், அப்போதே சொன்னேனே என்று எழுதாதீர்கள். மாப்பிள்ளை சுகமா என்று அவருக்கு ஒரு கார்டு போடுங்கள். கூடம் போனாலும் நான் போனாலும் அவருக்கு ஒரு சகோதரன் வேண்டும் அண்ணா.

கர்த்தர் உங்களையும் மதினியையும் பிள்ளைகளையும் காப்பாராக. யாரிடமும் உத்தரவு கேட்காமல் நான் கையெழுத்துப் போடக்கூடிய காகிதம் இது ஒன்றுதான். போடுகிறேன்.

உங்கள் தங்கை,
ரத்னா