கூடத்தில் போட்ட கப்பல் அறை

மண்டி மொஹல்லா தையற்காரரிடம் கம்பளிக் கோட்டு இரண்டையும் வாங்கிவரப் போகிறேன். சாதமும் சாத்தமுதும் மேஜைமேல் இருக்கின்றன, நாற்காலியில் இருந்தபடியே எட்டும்.

நான் வருவதற்குள் கப்பல் டிக்கெட் ஏஜெண்டு நஞ்சுண்டையா வந்தால் உட்காரவையுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள். கப்பலில் அறைவாசலில் உயரமாகப் படி இருக்குமாமே, சக்கர நாற்காலி எப்படித் தாண்டும் என்று கேளுங்கள். எதற்கெடுத்தாலும் "ஏனூ தொந்தரெ இல்லம்மா" என்று கன்னடத்தில் சமாதானம் சொல்கிற மனுஷரை நான் நம்புவதில்லை.

உங்களையும்தான். அவர் சொன்ன அளவுக்கு அந்த அறையை நேற்றுக் கூடத்தில் கோலப்பொடியால் போட்டேன், இரண்டு கட்டிலோடு. காலையில் பார்த்தால் ஒரு கட்டில்தான் இருக்கிறது. ஜயம்மா பெருக்கிவிட்டாள் என்றீர்கள். அவள் வேலைக்கு வந்ததே அதற்கப்புறம்தான். அழிந்த இடத்தில் சக்கரத் தடம் வட்டமாகத் திரும்பியிருக்கிறது. ஒரே கட்டில் என்றால்தான் நாற்காலி திரும்பும் என்று கண்டுகொண்டு, லண்டன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே கிளம்பிவிடலாம் என்று பார்க்கிறீர்களா?

நாற்காலி அறைக்கு வெளியே நிற்கட்டும். உள்ளே உங்களைப் பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

வத்ஸலா

மோர் ஜன்னலோரம் இருக்கிறது.

பீரோச் சாவி என் இடுப்பில். சிங்க முத்திரை போட்ட புதுப் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டாம்.

இன்னொன்று. என் கட்டிலை அதே இடத்தில் மறுபடி போட்டிருக்கிறேன். இந்தத் தடவை அரிசிமாவைக் கரைத்து இழை இழுத்தேன். காய்ந்துவிட்டது, சக்கரம் ஏறினாலும் அழியாது.