உன் போட்டோவைக் கேட்கிறார்கள்

ஜன்னலோரம் வைத்த சீத்தாப்பழம் பழுத்து வீடெல்லாம் மணக்கிறது. இந்த மணம் எழுந்தால் கரடி மலையை விட்டு இறங்கிவிடும் என்பாய். கரடி வரவில்லை, நேற்று சாயங்காலம் பக்கத்து நிலத்து மணிதான் வந்தான். உன் போட்டோ வேண்டுமாம். கல்யாணப் போட்டோ இல்லை, கரடி கிழித்த கன்னத்தில் தையலோடு நஷ்டஈட்டுக்காக ஆஸ்பத்திரியில் எடுத்தோமே, அது.

நாளைக்கு வேலூரில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். அதில் கரடியையும் சேர்க்கச் சொல்லி நம் ஊர்க்காரர்கள் மனு கொடுக்கப் போகிறார்கள். உன் முகத்தைக் காட்டினால் அதிகாரிகள் மறுக்க மாட்டார்களாம். போன வருஷம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தவள் நீ; கரடி அடித்தே செத்ததாகப் பேசுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மணியை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அவன் கண் கலங்கிவிட்டது.

"எம் பொண்ணு இருட்டுல ஷூ கம்பெனி வேனுக்குப் போறா மாமா. தெனமும் வயித்துல நெருப்பக் கட்டினு கீறேன்."

அவன் பயம் பொய்யில்லை. நீயும் அந்த ஆம்பூர் வேனைப் பிடிக்கத்தானே காட்டோரப் பாதையில் நடந்தாய்? சத்தமாகப் பேசிக்கொண்டே போவது நம் ஊர் வழக்கம். ஆள் வருவது தெரிந்தால் கரடி ஒதுங்கிவிடும். உனக்கா பேசச் சொல்லித்தர வேண்டும்! மாமியாரைத் திட்டுவாய், சூப்பர்வைசரைத் திட்டுவாய், என்னை இரண்டு மடங்கு திட்டுவாய். அன்றைக்கு மட்டும் என்னோடு சண்டை போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் போனாய். சீத்தாப் புதரில் மேய்ந்துகொண்டிருந்த கரடி, நீ கிட்டே வந்த பிறகுதான் உன்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து நீ பேசிய முதல் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "உம்மேல கோவம், அதான் பேசாம போனேன். பேசினு போயிருந்தா என் வாய்க்கு கரடி இன்னா, மலையே ஒதுங்கியிருக்கும்." நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் அழுதேன். "அத்த சுடணும்னு எவனாச்சும் வந்தா எங்கிட்ட அனுப்பு" என்றும் சொன்னாய்.

மணியிடம் போட்டோவைத் தரவில்லை. "கூட்டத்துக்கு நானே வர்றேன்டா. காலைல உம் பொண்ண நான் கூட்டினு போறேன்" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

பன்றி வேர்க்கடலையைக் கிளறிப் போட்டதில் எனக்கும் வயிறு எரிகிறது. காட்டை விட்டுத் தள்ளியிருக்கும் நிலத்துக்கு மட்டும் விதி மாறினால் மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கத்தான் போகிறேன். பாதைக்கு விளக்கு கேட்பேன். கம்பெனி வேன் ஊருக்குள் வர வேண்டும் என்பேன். கரடியைச் சுடச் சொல்லி, அதுவும் உன் பேரைச் சொல்லி, எவனையும் கேட்க விட மாட்டேன்.

இன்று விடியலில் மணியின் மகளோடு நடந்தேன். எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். அதனால் நீ என்னைத் திட்டிய திட்டையெல்லாம் ஒன்று விடாமல் உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேட்டில் புதர் அசைந்தது. கறுப்பாக ஏதோ மலைப்பக்கம் ஏறிப் போயிற்று.

நாளைக்குக் கூட்டத்திலும் அதே குரலில்தான் பேசப் போகிறேன்.