முனியாண்டிக்குப் போன பொங்கல்

5-8-82, வியாழன். ஈப்போ. மதியம் வரை சுட்டெரிக்கும் வெயில், பிறகு மழை.

இதை யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இன்று பெண்கள் போடும் நைலான் காலுறை ஒன்று வாங்கினேன். இடுப்பு வரை வருவது. தோல் நிறம். எனக்குத்தான்.

காட்டு அட்டைக்கு அதுதான் மருந்தாம். கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டால் அட்டையின் வாய் வழுக்கிவிடுமாம். சொன்னவன் மச்சான் முனுசாமி. என் மனைவி ராஜம்மாவின் தம்பி, மரம் வெட்டும் பலகைக் காட்டில் லாரி ஓட்டுகிறவன். அவன் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்பதுதான் கல்யாணமான நாள் முதல் எனக்குத் தெரியவில்லை.

கடையில் சீனப் பெண். என்ன அளவு என்றாள். என் அளவுதான் என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். "வாஹ்! யுவர் வைஃப் வெரி பிக் லா!" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திருவிழா மேடையில் ஊரையே சிரிக்க வைக்கிற இந்த மாணிக்கம், பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓட்டம்.

ஏன் இந்தக் காட்டுப் பயணம்? க.ச.வுக்காக. கனகசபை ஐயா. சர்வே இலாகாவில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மனைவி இல்லை. பறவை, மிருகம் பார்ப்பதுதான் அவருக்கு இப்போது உலகம். அவர் மகனும் என் மகள் வசந்தியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை. பெண் கேட்டு வர வேண்டியவர் வரவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருடைய தங்கைமார் "தோட்டத்து ஆக்கள்" என்று மூக்கைச் சுளிக்கிறார்களாம். (செய்தி: ராஜம்மா. இடம்: மார்க்கெட், மீன் பகுதி.)

போன வாரம் அவரே டெலிபோன் செய்தார். "மிஸ்டர் மாணிக்கம், நான் காடு பார்க்கப் போறன். நீங்களும் வாருங்கோவன். ஆறுதலாக் கதைப்பம். திரும்பி வரேக்கை என்ர முடிவைச் சொல்லுறன்."

 வசந்தி என் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்தாள். இந்த வீட்டில் என் சப்பாத்தை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. 

ராஜம்மாவின் உத்தரவுகள்:
– மேடை ஜோக்கு ஒன்றுகூட வேண்டாம்.
– காப்பியை உறிஞ்சக் கூடாது.
– அவர் தங்கச்சிகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.
– முனியாண்டிக்குப் படைக்காமல் காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது.

கடைசி உத்தரவு எனக்கும் சம்மதம். தோட்டத்தில் பிறந்தவன். எல்லையைத் தாண்டும் முன் முனிக்குச் சுருட்டு, சாராயம், கோழி கொடுத்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் காட்டுக்குள் போவார்கள். ஆனால் க.ச. சுத்த சைவம். கோழிக்கு வழியில்லை. பதிலுக்கு ராஜம்மா தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தருவாள். முனி அனுசரித்துப் போக வேண்டும்.

6-8-82, வெள்ளி. பரண் மேல். மேகம், புழுக்கம்.

விடிவதற்குள் முனுசாமியின் ஜீப்பில் புறப்பாடு. க.ச. முன்னால். தொப்பி, பைனாக்குலர், காமிரா, பெரிய கறுப்புக் குடை. நான் பின்னால், பொங்கலுடன். காலுறை உள்ளே. நைலான் உடம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட விடவில்லை. தாப்பா டவுனில் பசியாறினோம். ரொட்டிச் சானாய். காப்பியை உறிஞ்சவில்லை. சூட்டில் நாக்கு வெந்துபோனது.

பழைய ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய மரம், அடியில் சூலம். முனுசாமி ஜீப்பை நிறுத்திக் கண்ணைக் காட்டினான். தூக்கும் ஊதுபத்தியுமாக இறங்கப் போனேன்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"ரேடியேட்டர் சூடுங்கய்யா," என்றான் முனுசாமி.

"அப்ப ஊதுபத்தி எதுக்கு உங்கட கையிலை? மிஸ்டர் மாணிக்கம், புகை மணந்தால் ஒரு மிருகம் கிட்ட வராது. உதெல்லாம் பிறகு பாப்பம். எடுங்கோ ஜீப்பை."

எடுத்தாயிற்று. படைக்காமல் உள்ளே போயாயிற்று. திரும்பித் திரும்பி மரத்தைப் பார்த்தேன்.

வழியில் பலகைக் காட்டுக்காரர்கள் தங்கும் கொங்சி. தகரக் கொட்டகை. சீனச் சமையல்காரர் ஆளுக்கொரு பால் போடாத கோப்பி-ஓ தந்தார். வாசலில் ஒரு கம்பம், கம்பத்தில் வெறும் சங்கிலி, பக்கத்தில் நசுங்கிய பால் டின்கள். நாய் எங்கே என்று கேட்டேன். அவர் முனுசாமியைப் பார்த்துச் சிரித்தார். முனுசாமி சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நீங்க போங்க மச்சான். இங்கதான் இருக்கேன் லா. அங்க ஒண்ணும் கடிக்காது."

அங்கிருந்து நடை. க.ச. முன்னால், கையில் வரைபடம். ஓர் ஆற்றைக் கடந்தோம். இடுப்பளவு தண்ணீர். இந்தப் பக்கம் சுற்றி, அந்தப் பக்கம் சுற்றி, மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தோம். மிருகங்கள் உப்பு நக்க வரும் சேற்றுப் பள்ளம் ஒன்று. அதன் ஓரத்தில் மரத்தில் ஏணி வைத்துக் கட்டிய பரண்.

ஆறுதலாகக் கதைக்கக் கூட்டி வந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "இனிக் கதைக்கப்படாது."

இதுவரை கண்டவை:
– இருவாய்ச்சி, இரண்டு. தலைக்கு மேல் பறந்தன. இறக்கைச் சத்தம் ரயில் மூச்சு விட்டது போல. நான் குனிந்துகொண்டேன்.
– யானைச் சாணம். யானை இல்லை. அதுவரை சந்தோஷம்.
– அட்டை. க.ச.வின் காலில் கொத்துக் கொத்தாக. பருத்திக் காலுறை மாட்டியும் ரத்தம். என் காலில் ஒன்றுகூட இல்லை! முனுசாமி சொன்னதில் உண்மைப் பாதி இதுதான் போலிருக்கிறது. "உங்களுக்கு மட்டும் எப்பிடி?" என்று க.ச. என் காலையே பார்த்தார். கால்சட்டையை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் பிஸ்கட் தின்றபடி மெல்லிய குரலில் ஒரே ஒரு பேச்சு. "கரடி ஒண்டு பார்க்க வேணும். எத்தினை தரம் வந்திட்டன். ஒருக்காலும் காணேல்லை." பிறகு கொஞ்சம் பொறுத்து, "உங்கட மகள் நல்ல பிள்ளை. அதிலை எனக்கு ஒரு குறையுமில்லை." பைனாக்குலரை எடுத்துக்கொண்டார். 'அதிலை' என்றால் வேறு எதிலோ குறை. அந்த ஒரு சொல்லை நினைத்தே படுத்திருக்கிறேன்.

ஈரக் கால்சட்டையைக் காயப் போட்டுவிட்டுக் கைலிக்கு மாறினேன். காலுறையைக் கழற்றவில்லை. பரணிலும் அட்டை ஏறும் என்கிறார்.

7-8-82, சனி. பரண்.  எழுத்து கோழி கிண்டியது மாதிரி.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிறகு நானே நம்பமாட்டேன்.

விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. மலை மேல் குரங்குகள் ஒப்பாரி வைப்பது போலக் கூவின. க.ச. தூங்கிக்கொண்டிருந்தார். இதுதான் நேரம். முனிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் என் மகள் காரியமும் முடியும் என்று மனம் அடித்துக்கொண்டது. தூக்கோடு ஏணியில் இறங்கினேன். பொங்கலில் லேசாகப் புளித்த வாடை. பாதி ஏணியில் ஒரு ஆணி. கைலி அங்கேயே நின்றுவிட்டது. நான் மட்டும் கீழே வந்து சேர்ந்தேன். சட்டை, நைலான், பொங்கல்.

கைலியை எடுக்கக் கையைத் தூக்கினேன். சத்தம் கேட்டது.

சல். சல். சல்.

சலங்கை. சிறு வயதில் லயத்து வீட்டில் போர்வைக்குள் எத்தனை முறை கேட்கப் பயந்த சத்தம். முனி வருகிற சத்தம்.  கண்ணை மூடிக்கொண்டேன். வாய் தானாகப் பேசிற்று, அதுவும் சத்தமாக: "அப்பா முனியாண்டி, கோழி இல்லாததுக்கு மன்னிச்சிரு. சம்பந்தி வூட்டுக்காரரு சைவம்!"

கையில் சூடான மூச்சு. தூக்கு கனத்தது. கண்ணைத் திறந்தேன்.

கரடி. இரண்டு காலில் நின்றுகொண்டு, என் கையிலிருந்த தூக்குக்குள் முகத்தை விட்டிருக்கிறது. நான் பார்த்தது: நாக்கு, முழ நீளம் இருக்கும். நகம், ராஜம்மாவின் அரிவாள்மணை மாதிரி வளைந்து. மறுபடி கண்ணை மூடிவிட்டேன். சளப், சளப் என்று சத்தம். முந்திரிப்பருப்பு கடிபடுவதுகூடக் கேட்டது.

மேலே காமிரா 'கிளிக்'. பிறகு க.ச.வின் குரல்: "அசையாதேங்கோ! நான் வாறன்!"

இதுதான் இன்னும் எனக்குப் பிடிபடாதது. எழுபதை நெருங்கும் மனிதர், முட்டி வலிக்காரர், ஓடி ஒளியாமல் ஏணியில் இறங்கி வந்து, கரடிக்கு முன்னால் குடையை விரித்தார். "போ! போ அங்காலை!"

கண்ணைப் பாதி திறந்தேன். கரடி அவரைப் பார்த்தது. தூக்கின் கைப்பிடியை வாயில் கவ்விக்கொண்டு, சாமான் வாங்கி வீட்டுக்குப் போகிறவரைப் போல அவசரமில்லாமல் புதருக்குள் நடந்தது.

இரண்டு பேரும் பரணுக்கு எப்படி ஏறினோம் என்று நினைவில்லை. அவர் தன் மாற்றுக் கைலியை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்போதுதான் என் காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதென்ன?"

"அட்டைக்குங்கய்யா."

"வேலை செய்யுதோ?"

"செய்யுதுங்க."

"எந்தக் கடையிலை வாங்கினனீங்கள்?"

சொன்னேன். தலையாட்டினார். தன் காலைச் சொறிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கரடிக்கு முதல் ஒரு சத்தம் கேட்டது. சலங்கை மாதிரி. உங்களுக்கும் கேட்டதோ?"

முனியாண்டி சலங்கையோடு நடப்பதை, எல்லையில் படைக்காமல் வந்ததை, எல்லாம் சொன்னேன். சைவ சித்தாந்த வகுப்பு எடுக்கிறவர். சிரிக்கவில்லை. பரணின் உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"சுருட்டு கொண்டந்தனீங்களோ?"

"இருக்குங்க."

"கீழை வைச்சிட்டு வாங்கோவன்."

"நீங்களும் தொணைக்கு வாங்கய்யா."

வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரத்தடியில் சுருட்டைப் பற்ற வைத்தது நான். கும்பிட்டது இரண்டு பேரும். புகை மணந்தால் மிருகம் வராது என்று அவரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. வராமல் இருந்தால் இரண்டு பேருக்குமே நல்லது.

8-8-82, ஞாயிறு. வீடு. மழை.

முனுசாமி ஆற்றங்கரைக்கே ஜீப்பைக் கொண்டுவந்துவிட்டான். கொங்சிப் பக்கம் ஒரே சேறாம். கரடிக் கதையைச் சொன்னோம். "நெசமாவா மச்சான்?" என்றவனுக்குத் திடீரென்று இருமல். ஜீப்பை நிறுத்தி இறங்கிப் போய் மரத்துக்குப் பின்னால் நின்று இருமினான். பயந்துவிட்டான், பாவம்.

தாப்பா வரை க.ச. காமிராவைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மைல் கல்லையும் வசந்தியின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பசியாறும்போது கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"என்ர தங்கச்சிமார் கேப்பினம், பொம்பிளையின்ர தகப்பன் ஆர், என்ன வம்சம் எண்டு. என்ன சொல்லுறதெண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சனான். இனிச் சொல்லுவன்: காட்டுக் கரடிக்குத் தன்ர கையாலை சோறு தீத்தின மனுசன். அப்பிடி ஒருத்தரை எங்கட வம்சத்திலை காட்டுங்கோ பாப்பம் எண்டு. என்ன, சம்பந்தி?"

சம்பந்தி! மிஸ்டர் மாணிக்கம் போயே போய்விட்டான். நான் காப்பியை உறிஞ்சினேன். அவரும் உறிஞ்சினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வசந்தி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். ராஜம்மாவின் முதல் கேள்வி: "தூக்கு எங்க?"

15-8-82, ஞாயிறு. நல்ல வெயில்.

தட்டோடு வந்தார்கள். க.ச., மகன், தங்கைமார் மூன்று பேர். வெற்றிலை, பழம், பட்டு. தங்கைமார் என்னை ஏதோ சர்க்கஸில் வந்தவனைப் போல் பார்த்தார்கள். மூத்தவர் பயபக்தியோடு கேட்டார்: "கரடி உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையே?" நான் அடக்கமாகச் சிரித்தேன். இந்தச் சிரிப்பை எங்கிருந்து கற்றேனோ. முனுசாமி அடுக்களையில் இருமிக்கொண்டிருந்தான்.

க.ச. சட்டம் போட்ட படம் ஒன்றைத் தந்தார். அவர் எடுத்ததுதான். கண்ணை மூடியபடி நான், கையில் தூக்கு, அதற்குள் கரடியின் முகம். என் இடுப்போடு படம் முடிகிறது. காலுறை தெரியவில்லை! எவ்வளவு பெரிய மனிதர். என் மானத்தைக் காப்பாற்றக் கீழ்ப்பாதியைச் சட்டத்துக்குள் மறைத்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "உதைக் கழட்டாதேங்கோ சம்பந்தி. அப்பிடியே சுவரிலை கொழுவுங்கோ," என்றார்.

எல்லாரும் போன பிறகு, என் காலின் லட்சணத்தைப் பார்க்கும் ஆசையை அடக்க முடியவில்லை. சட்டத்தின் பின்பக்க அட்டையைக் கழற்றினேன். படத்தை வெட்டவில்லை, மடித்திருக்கிறார். பிரித்தேன். காலுறை நன்றாகவே தெரிகிறது. அதற்குச் சற்று மேலே, தூக்குக்குக் கீழே, கரடியின் கழுத்தில் சிவப்பு வார். வாரில் சங்கிலி மாட்டும் வளையம், பக்கத்தில் ஒரு பித்தளை மணி.